நத்தார்ப் பண்டிகை: உரிமையும் தருமமும் வியாபாரமும்

ஆண்டுதோறும் மார்கழி மாதத்திலே ஒரு குரல் தவறாது எழுகின்றது. நத்தார் இன்று வியாபாரிகளின் கைக்குப் போய்விட்டது. பரிசுப் பொருள்களின் பகட்டிலே பண்டிகையின் உட்பொருள் மறைந்துவிட்டது. ஆகவே பழைய நத்தாரின் தூய உணர்வுக்கு நாம் திரும்புதல் வேண்டும் என்பதே அக்குரல். ஆலயப் பிரசங்கங்களிலும் பத்திரிகைத் தலையங்கங்களிலும் அது ஒலிக்கின்றது. அதனை ஏளனஞ் செய்தல் எமது நோக்கமன்று. நவம்பர் பிறந்ததுமே கடைகளில் நட்சத்திர விளக்குகள் தொங்குவதையும், பிள்ளைகளுக்குப் புத்தாடை வாங்குவதற்காகத் தகப்பன்மார் கடன்படுவதையும் கண்ட எவரும் அக்குரலில் உண்மை உண்டென்பதை மறுக்கமாட்டார்.

ஆயினும் வரலாற்றைக் கற்பவர் இவ்விடத்து ஒரு வினாவை எழுப்பாதிருத்தல் இயலாது. நாம் திரும்பவேண்டிய அந்தப் பழைய நத்தார் எது? எக்காலத்தில், எந்நாட்டில், எவ்வகுப்பினர் அதனைக் கொண்டாடினர்? அலங்கரித்த மரத்தடியிலே பிள்ளைகள் பரிசுப் பொதிகளை அவிழ்க்க, பெற்றோர் புன்முறுவலுடன் பார்த்திருக்கும் அமைதியான குடும்பக் காட்சியே பெரும்பாலோர் மனத்தில் 'பழைய நத்தார்' என்னும்போது தோன்றுவது. அக்காட்சியோ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையதன்று. இரு நூற்றாண்டுகளுக்குச் சற்று முன்னும் பின்னுமாக உருப்பெற்றது அது. எந்த வியாபாரத்தை நாம் நொந்துகொள்கின்றோமோ, அந்த வியாபாரம் தோன்றிய அதே நகரங்களில், அதே ஆண்டுகளில், அதே வகுப்பினரிடையே தோன்றியது. எனவே அதற்குத் திரும்புதல் என்பது கடையின் முன்வாயிலால் வெளியேறிப் பின்வாயிலால் உள்ளே நுழைவதையே ஒக்கும்.

நத்தாரின் உயிர்ப்பண்பை வேறிடத்தில் தேடுதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. அதற்குப் பண்டிகையின் வரலாற்றைச் சற்று விரிவாக நோக்குவோம்.

தொழுவமும் பேரரசும்

யேசு பிறந்த நாளையோ மாதத்தையோ நற்செய்தி நூல்கள் குறிப்பிடவில்லை. நால்வருள் மாற்கும் யோவானும் பிறப்பு நிகழ்ச்சியைச் சொல்லவே இல்லை. மத்தேயு கீழைத்தேச ஞானிகளைப் பற்றிச் சொல்கின்றார். லூக்காவோ வேறொரு கூட்டத்தாரைப் பற்றிச் சொல்கின்றார். லூக்கா கூறும் கதையின் சமுதாயப் பின்னணி மனங்கொள்ளத்தக்கது. உரோமப் பேரரசன் குடிசன மதிப்புக்குக் கட்டளையிடுகின்றான். அக்கட்டளைக்குப் பணிந்து ஒரு தச்சனும் நிறைமாதக் கர்ப்பிணியான அவன் துணைவியும் ஊர்விட்டு ஊர் செல்கின்றனர். சத்திரத்தில் இடமில்லை. பிறந்த பிள்ளை தீவனத் தொட்டியிலே கிடத்தப்படுகின்றது. அச்செய்தி முதன்முதல் அறிவிக்கப்பட்டது அரண்மனைக்கும் அன்று, ஆலயத்துக்கும் அன்று. இரவிலே கிடைக்குக் காவலிருந்த இடையருக்கே. பிள்ளை பிறக்குமுன் தாய் பாடுவதாக லூக்கா அமைத்துள்ள பாடலிலோ, வலியோரின் வீழ்ச்சியும் பசித்தோரின் நிறைவுமே பொருளாக வருகின்றன. குடும்ப இன்பத்தைப் பற்றியோ பரிசைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை.

மார்கழி 25ஆந் திகதியை யேசுவின் பிறந்த நாளாகக் கொண்டாடியமைக்குக் கிடைக்கும் முதற் சான்று உரோமாபுரியைச் சேர்ந்தது. 336ஆம் ஆண்டின் வழக்கத்தைக் காட்டுவது. இத்திகதி தெரியப்பட்டதற்கான காரணம் பற்றி ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் மார்கழி மாதத்தின் நடுப்பகுதி ஏலவே உரோமரின் பெருவிழாக் காலமாக இருந்தது என்பதில் ஐயமில்லை. 17ஆந் திகதி தொடங்கிய சற்றர்னேலியா விழாவிலே மெழுகுதிரிகளும் சிறு களிமண் பாவைகளும் பரிசாக வழங்கப்பட்டன. அதனினும் முக்கியமானது, அவ்விழா நாட்களில் அடிமைகள் எசமானரோடு சரிசமமாக இருந்து உண்டமையும், சிலவிடங்களில் எசமானரே அடிமைகளுக்கு உணவு பரிமாறியமையும் ஆகும். சில நாட்களுக்கு மாத்திரம் உலகம் தலைகீழாயிற்று. விழா முடிந்ததும் அடிமை மீண்டும் அடிமையானான்.

வாயிலில் நின்ற ஏழைகள்

மத்தியகால இங்கிலாந்திலே நத்தார் உழவர் வாழ்வோடு ஒட்டிய விழாவாயிற்று. அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்திருக்கும். குளிர்காலத் தீவனம் போதாமையால் கால்நடைகளிற் பல அறுக்கப்பட்டிருக்கும். புதிய வாற்கோதுமை மது வடிக்கப்பட்டிருக்கும். வயலிலே வேலை குறைவு. ஆண்டு முழுவதும் அரைவயிறு உண்ட குடியானவன் வயிறார உண்ணும் காலம் அது.

ஆனால் அவ்வுணவு யாருடைய களஞ்சியத்தில் இருந்தது? நிலமானிய அமைப்பிலே விளைவின் பெரும்பகுதி பிரபுவுக்கே உரியது. நத்தார்க் காலத்தில் ஏழைகள் கூட்டங் கூட்டமாகப் பாடிக்கொண்டு செல்வரின் வாயிலுக்குச் சென்று, இறைச்சியும் மதுவும் பணமும் கேட்டனர். கொடுத்தால் வாழ்த்தினர், மறுத்தால் வசை பாடினர், சில சமயங்களிற் கதவையும் உடைத்தனர். இதனைப் பிச்சை கேட்டல் என்று கொள்வது தவறு. சில பண்ணைகளின் வழக்காற்றுப் பதிவுகளிலே, நத்தாரன்று பிரபுவின் மாளிகையில் உண்ணுதல் குடியானவனின் உரிமையாகவே எழுதப்பட்டுள்ளது. அதே நத்தாருக்குக் குடியானவன் பிரபுவுக்குக் கோழி இறுக்கவேண்டியும் இருந்தது. எனவே இருபக்கமும் கடப்பாடு இருந்தது. கேட்பவன் தலைநிமிர்ந்து கேட்டான். கொடுப்பவன் வழக்கத்துக்கு அஞ்சிக் கொடுத்தான்.

இதனைப் பொற்காலமென்று புகழ்வதும் பொருந்தாது. ஒருநாள் விருந்து ஆண்டு முழுவதுமான ஊழியத்தைத் தாங்கச் செய்யும் உபாயமாகவும் அமைந்தது. எனினும் ஏழையின் உரிமைக் குரல் செல்வனின் வாயிலில் நின்று கேட்கப்பட்ட நாள் நத்தார் என்னும் உண்மை அதனால் மறைந்துவிடாது.

தடையும் கலகமும்

பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கிலப் புரட்சியிலே நத்தாரே தடைசெய்யப்பட்டது. வேதாகமத்தில் இல்லாத விழாவைக் கொண்டாடுதல் கூடாது என்பது பியூரிட்டன்மாரின் வாதம். 1647ஆம் ஆண்டு யூன் மாதத்தில் பாராளுமன்றம் நத்தாரையும் ஏனைய திருநாட்களையும் ஒழித்துக் கட்டளைச் சட்டம் பிறப்பித்தது. அச்சட்டத்தில் மற்றுமோர் ஏற்பாடும் இருந்தது. திருநாட்களை இழந்த வேலையாட்களும் தொழில் பயில்வோரும் மாணவரும் ஓய்வுபெறும்பொருட்டு, மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை விடுமுறை நாளாக்கப்பட்டது. திருநாள் என்பது உழைப்பவனுக்கு முதலிலே ஓய்வுநாள் என்பதைப் பியூரிட்டன்மாரும் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

அவ்வாண்டு நத்தாரன்று கன்ரர்பரி நகரிலே கலகம் மூண்டது. வழக்கம்போலச் சந்தை கூடவேண்டுமென நகராதிபதி கட்டளையிட்டார். சில கடைக்காரர் அதற்கிணங்கிக் கடைதிறந்தனர். மக்கள் திரண்டு அக்கடைகளை மூடச்செய்து பொருள்களை வீதியிலே வாரியிறைத்தனர். இக்காலத்தவராகிய எமக்கு இது விசித்திரமாகத் தோன்றும். நத்தாரன்று கடை திறந்திருத்தலைப் பொறாது மக்கள் கலகஞ் செய்த காலமும் ஒன்றிருந்தது!

அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால் மாசச்சூசெற்ஸ் குடியேற்றத்திலே, நத்தார் கொண்டாடுவோருக்கு ஐந்து சிலிங் தண்டம் விதிக்கும் சட்டம் 1659 முதல் 1681 வரை நிலவியது. ஸ்கொத்லாந்திலே நத்தார் மீண்டும் பொது விடுமுறை நாளானது 1958ஆம் ஆண்டில்தான். தொன்றுதொட்டு இடையறாது வந்த பண்டிகை என்னும் எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதற்கு இவையே போதிய சான்றுகளாம்.

1843ஆம் ஆண்டு

கைத்தொழிற் புரட்சி நத்தாரை வேறுவகையில் நலிவித்தது. யந்திரத்துக்குப் பருவமில்லை, திருநாளுமில்லை. இங்கிலாந்து வங்கி ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 33 திருநாட்களுக்கு மூடப்பட்டு வந்தது. 1834ஆம் ஆண்டிலே அவை நான்காகக் குறைக்கப்பட்டன. 1833ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பிள்ளைகளுக்கும் இளைஞருக்கும் நத்தாரன்றும் பெரிய வெள்ளியன்றும் முழு விடுமுறை அளிக்கவேண்டுமென விதித்தது. சட்டத்தால் விதிக்கவேண்டியிருந்தது என்பதே அக்கால நிலையைப் புலப்படுத்தும். 1834ஆம் ஆண்டின் வறியோர் சட்டமோ, உதவி நாடிய ஏழையைக் குடும்பத்தினின்றும் பிரித்து வேலைமனையிலே அடைக்க வழிசெய்தது.

இப்பின்னணியிலேதான் 1843ஆம் ஆண்டு நிகழ்ந்தவற்றை நோக்குதல் வேண்டும். சுரங்கங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலைசெய்த பிள்ளைகள் பற்றிய விசாரணைக் குழுவின் இரண்டாவது அறிக்கை அவ்வாண்டில் வெளிவந்தது. தமது பன்னிரண்டாவது வயதிலே, தந்தை கடனுக்காகச் சிறையிலிருக்க, சப்பாத்து மை தயாரிக்கும் ஆலையொன்றில் வேலைசெய்தவர் சாள்ஸ் டிக்கென்ஸ். அறிக்கையைப் படித்த அவர், ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு துண்டுப்பிரசுரம் எழுத எண்ணினார். பின்னர் அவ்வெண்ணத்தை விடுத்துக் கதையொன்றை எழுதத் தொடங்கினார். ஒக்டோபர் மாதத்தில் அவர் மஞ்செஸ்ரர் நகருக்குச் சென்று தொழிலாளர் கல்வி பற்றிப் பேசினார். அதே நகரில், அதே காலத்தில், தந்தையார் பங்காளியாயிருந்த பஞ்சாலையின் கந்தோரில் வேலைபார்த்துக்கொண்டு, தொழிலாளர் குடியிருப்புக்களைச் சுற்றிப் பார்த்து வந்தார் இளைஞர் எங்கெல்ஸ். அவர் கண்டவை 1845இல் இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலைபற்றிய நூலாயின. டிக்கென்ஸ் கண்டவை 1843 டிசம்பர் 19ஆந் திகதி 'கிறிஸ்மஸ் கரோல்' என்னும் கதையாக வெளிவந்தன.

அக்கதையின் சிறப்பை எவரும் மறுப்பதற்கில்லை. உலோபியான ஸ்குறூஜின் வாயிலாக வேலைமனையின் கொடுமையையும், இலாபமொன்றையே கணிக்கும் வர்க்கத்தின் மனத்தையும் டிக்கென்ஸ் வெளிப்படையாகத் தாக்கினார். ஸ்குறூஜ் மனந்திரும்பியபின் வான்கோழி அனுப்பியதைப் பலரும் நினைவுகூர்வர். தன் லிகிதரான பொப் கிறச்சிற்றின் சம்பளத்தை அவன் உயர்த்தியதைப் பலரும் மறந்துவிடுகின்றனர். டிக்கென்ஸ் மறக்கவில்லை. விருந்தினால் மாத்திரம் ஏழையின் பசி தீராது. கூலி உயரவேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஆயின் அவருடைய நோக்கின் எல்லையும் இங்கேயே தென்படுகின்றது. சம்பள உயர்வு பொப்பின் கோரிக்கையால் வரவில்லை. ஸ்குறூஜின் மனமாற்றத்தால் வருகின்றது. பொப் ஒருபொழுதும் கேட்பதில்லை; எசமானின் நலத்துக்காக மது அருந்தி வாழ்த்துகின்றான். மத்தியகாலக் குடியானவன் வாயிலில் நின்று உரத்த குரலிற் கேட்டதை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் லிகிதன் மௌனமாகக் காத்திருந்து பெறுகின்றான். உரிமை தருமமாக மாறிவிட்டது. இன்னுமொன்று: கதைப்படி பொப்பின் வாரச் சம்பளம் பதினைந்து சிலிங். அக்கதைப் புத்தகத்தின் விலையோ ஐந்து சிலிங். தன்னைப் பற்றிய கதையை வாங்குவதற்குப் பொப் தன் வாரச் சம்பளத்தில் மூன்றிலொரு பங்கைச் செலவிடவேண்டும். நத்தாருக்குள் ஆறாயிரம் பிரதிகள் விற்பனையாயின. வாங்கியவர்கள் பொப்பின் வகுப்பினர் அல்லர்.

அதே 1843ஆம் ஆண்டிலேதான் அச்சிட்ட முதல் நத்தார் வாழ்த்து அட்டையும் இலண்டனில் விற்பனைக்கு வந்தது. ஹென்றி கோல் என்பவரின் வேண்டுகோளுக்கிணங்க ஓவியர் ஹோர்ஸ்லி அதனை வரைந்தார். விலை ஒரு சிலிங். அவ்வட்டையின் நடுவே வசதிபடைத்த குடும்பமொன்று மதுக்கிண்ணங்களை ஏந்தி வாழ்த்துகின்றது. ஒரு பக்கத்தில் பசித்தோருக்கு உணவும் மறுபக்கத்தில் ஆடையற்றோருக்கு ஆடையும் வழங்கப்படுகின்றன. புதிய நத்தாரில் ஏழைக்கு அளிக்கப்பட்ட இடம் எது என்பதை இவ்வட்டை தெளிவாகக் காட்டுகின்றது. நடுவிலே குடும்பம், ஓரத்திலே ஏழை. பின்வந்த அட்டைகளிலே நத்தார்த் தாத்தாவும் பனிபடர்ந்த குடிசைகளும் செந்நிறச் சிறு குருவிகளும் நிறைந்தன. ஏழைக்கு அந்த ஓரத்து இடமும் அருகிற்று.

புகைபோக்கியால் வந்த விருந்தாளி

நத்தார்த் தாத்தாவின் பிறப்பிடம் நியூயோர்க் நகரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நகரம் துறைமுகச் செல்வத்தால் விரைந்து பெருத்தது. கூலிவேலை செய்வோர் பெருகினர். குளிர்காலத்தில் வேலையிழந்தோரும் பெருகினர். நத்தார் முதல் புத்தாண்டு வரை தொழிலாள இளைஞர் கூட்டமாகத் திரிந்து தகரங்களையும் கொம்புகளையும் முழக்கிச் செல்வர் வீதிகளிற் கூச்சலிட்டனர். பழைய வாயிற்பாட்டின் நகர்ப்புற வடிவம் இது. ஆனால் பாடுவோர் யாரென்பது செல்வருக்குத் தெரியாது. கொடுத்தே தீரவேண்டுமென்ற வழக்கமும் இல்லை. ஆகவே அச்சமே மிஞ்சியது.

இக்காலத்திலேதான் அந்நகரின் செல்வர் குழுவினர் புனித நிக்கலஸ் என்னும் பழைய ஆயரை ஒல்லாந்தர் மரபின் பெயரால் முன்னிறுத்தலாயினர். 1810இல் அவர் பெயரால் நியூயோர்க் வரலாற்றுச் சங்கம் விருந்து நடத்தியது. 1823 டிசம்பர் 23ஆந் திகதி ட்ரோய் நகரப் பத்திரிகையொன்றில், கிளமென்ற் கிளார்க் மூர் எழுதியதாகப் பின்னர் கூறப்பட்ட ஒரு கவிதை பெயரின்றி வெளிவந்தது. அக்கவிதையிலே நள்ளிரவில் விருந்தாளியொருவர் வருகின்றார். அவர் வாயிலைத் தட்டுவதில்லை, புகைபோக்கியால் இறங்குகின்றார். எதையும் கேட்பதில்லை, காலுறைகளைப் பரிசுகளால் நிரப்பிவிட்டுச் செல்கின்றார். ஸ்டீபன் நிசன்போம் என்னும் வரலாற்றாசிரியர் 1996இல் வெளியிட்ட நூலில் இம்மாற்றத்தின் பொருளை விளக்கியுள்ளார். வாயிலில் நின்று கேட்ட ஏழையின் இடத்தைக் கேட்காது கொடுக்கும் தாத்தா பிடித்துக்கொண்டார். கீழ்வகுப்பாருக்குச் சென்ற கொடை வீட்டுப் பிள்ளைகளுக்குச் செல்லலாயிற்று. தெருவிலிருந்த பண்டிகை வீட்டினுட் புகுந்து கதவைத் தாழிட்டுக்கொண்டது.

வீட்டினுள் அடைபட்ட பண்டிகைக்குப் பொருள்கள் வேண்டியிருந்தன. தன் பிள்ளைக்குத் தானே அன்றாடம் உணவூட்டும் தந்தை நத்தாரன்றும் உணவையே கொடுத்தல் பரிசாகாது. கடையிலிருந்து புதுமையான பொருள் வரவேண்டும். இவ்வாறாகவே குடும்ப நத்தாரும் கடைவீதி நத்தாரும் இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்தன. 1848இல் விக்ரோறியா அரசியின் குடும்பம் நத்தார் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படம் இலண்டன் சஞ்சிகையொன்றில் வெளிவந்தது. நடுத்தர வகுப்பு வீடுகளெங்கும் மரம் பரவியது. மரத்துக்கு அணிகள் வேண்டியிருந்தன. 1880இல் அமெரிக்க வணிகரான வுல்வேர்த் ஜேர்மனியக் கண்ணாடி அணிகளை இருபத்தைந்து டொலருக்குத் தயக்கத்துடன் வாங்கிக் கடையில் வைத்தார்; இரண்டே நாட்களில் அவை விற்றுத் தீர்ந்தன. அத்தகைய அணிகளுக்குப் பேர்பெற்ற லவுஷா என்னும் மலைக்கிராமத்திலே, குடும்பம் குடும்பமாக வீட்டிலிருந்து தகப்பன் கண்ணாடியை ஊத, தாயும் பிள்ளைகளும் வெள்ளி பூசி வர்ணந் தீட்டினர். ஒரு நாட்டின் பிள்ளைகள் மகிழ்வதற்காக மற்றொரு நாட்டின் பிள்ளைகள் உழைத்தனர்.

அதன்பின் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. செந்நிற ஆடையணிந்த நத்தார்த் தாத்தாவைக் கொக்கா கோலாக் கம்பனியே படைத்தது என்பர். அது சரியன்று, தோமஸ் நாஸ்ற் முதலியோர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அவரை வரைந்துவிட்டனர். 1931 முதல் அக்கம்பனி செய்தது, அவரைத் தன் விளம்பரத்துக்கு ஊழியராக்கியதே. 1939ஆம் ஆண்டிலே சில்லறை வணிகரின் வேண்டுகோளுக்கிணங்க அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ற் நன்றியறிதல் நாளையே ஒரு வாரம் முன்தள்ளி வைத்தார். நத்தாருக்குப் பொருள் வாங்கும் காலம் ஒரு வாரம் நீளவேண்டும் என்பதே காரணம். பண்டிகைக்காகச் சந்தை என்பது மாறிச் சந்தைக்காகப் பண்டிகை என்றாயிற்று.

அடங்காத குரல்

உரிமை தருமமாகி, தருமம் பரிசாகி, பரிசு பண்டமாகியதே நத்தாரின் வரலாறெனின், மீட்பதற்கு எதுவுமில்லை என்று கைவிட்டுவிடலாம். ஆனால் வாயிலில் நின்று கேட்கும் குரல் முற்றாக அடங்கிவிடவில்லை. அதனை ஆங்கிலேயரின் நத்தார்க் களியிலே இனித்த சீனி விளைந்த நாட்டிலே கேட்கலாம்.

ஜமெய்க்காவின் கரும்புத் தோட்டங்களிலே மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட ஆபிரிக்க அடிமைகள் உழைத்தனர். நத்தாரையொட்டி அவர்களுக்குச் சில நாள் ஓய்வு கிடைத்தது. சாமுவேல் ஷார்ப் என்பவர் ஓர் அடிமை, எழுத்தறிவு பெற்றவர், பப்ரிஸ்ற் சபையிலே உதவிக்குருவாகத் தொண்டாற்றியவர். மனிதனை மனிதன் அடிமைகொள்ளுதல் வேதத்துக்கு மாறானதென அவர் போதித்தார். 1831ஆம் ஆண்டு நத்தார் ஓய்வு முடிந்ததும், கூலி தந்தாலன்றி எவரும் வேலைக்குத் திரும்புவதில்லை என்று அவரும் தோழரும் உறுதிபூண்டனர். இன்றைய மொழியிற் கூறின் அது பொது வேலைநிறுத்தம். 27ஆந் திகதி இரவு தோட்டமொன்று தீப்பற்றியது. ஏறத்தாழ அறுபதினாயிரம் பேர் எழுச்சியிற் சேர்ந்தனர். பதினான்கு வெள்ளையர் இறந்தனர். அடக்குமுறையின்போது இருநூற்றுக்கு மேற்பட்ட அடிமைகள் கொல்லப்பட்டனர். பின்னர் முந்நூற்றுக்கு மேற்பட்டோருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. 1832 மே 23ஆந் திகதி ஷார்ப் தூக்கிலிடப்பட்டார். அடுத்த ஆண்டு பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. இருபது மில்லியன் பவுண் நட்டஈடும் வழங்கியது. நட்டஈட்டைப் பெற்றவர்கள் அடிமைகள் அல்லர், அடிமைகளின் சொந்தக்காரர்!

'நத்தார்க் கலகம்' என்று அவ்வெழுச்சியை வரலாறு அழைக்கின்றது. லூக்கா கூறிய பாடலின் பொருளை அத்தோட்டத்து அடிமைகள் விளங்கிக்கொண்டவாறு வேறெவரும் விளங்கிக்கொண்டனர் என்பது ஐயமே.

அடிமைகளை ஆண்டோரும் நத்தாரின் ஆற்றலை அறிந்திருந்தனர். அடிமைத்தளையினின்றும் தப்பிவந்து 1845இல் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பிரெடெரிக் டக்ளஸ், அமெரிக்கத் தென்மாநிலங்களில் நத்தார் முதல் புத்தாண்டு வரை அளிக்கப்பட்ட ஓய்வின் உள்நோக்கத்தை அம்பலப்படுத்தியுள்ளார். அந்நாட்களிலே அடிமை நிதானத்துடன் இருப்பதை எசமானர் விரும்பவில்லை. குடித்துக் கிடப்பதையே ஊக்குவித்தனர். குமுறல் நெஞ்சிலே தேங்கிக் கிளர்ச்சியாகாதபடி ஆவியை வெளியேற்றும் துவாரமாக விடுமுறை பயன்பட்டது என்பது அவர் கணிப்பு. பரிசும் மதுவும் கேள்வியை மறக்கச்செய்யும் கருவிகளாகலாம் என்பதை விளம்பர யுகத்துக்கு வெகுகாலம் முன்னரே அவர் கண்டுகொண்டார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்குரல் கடையின் உள்ளிருந்தே எழுந்தது. நியூயோர்க்கின் பெருங்கடைகளில் வேலைசெய்த பெண்களுக்கு நத்தார் வாரங்களே ஆண்டின் கொடிய வாரங்கள். வேலைநேரத்தை வரையறுத்த சட்டம் அப்பருவத்துக்கு விலக்களித்திருந்தமையால், அவர்கள் நள்ளிரவு வரை நின்றவாறே வேலைசெய்தனர். பொதிகாவும் சிறுவர்களின் நிலை அதனினும் மோசம். பாவனையாளர் சங்கத்தின் செயலாளரான புளோறன்ஸ் கெலி இந்நிலையைக் கண்டித்து 1903இல் எழுதினார். நேரகாலத்தோடு பொருள் வாங்குமாறு மக்களைக் கேட்டு இயக்கம் நடத்தினார். 1912ஆம் ஆண்டிலே 'பயனற்ற கொடையைத் தடுக்கும் சங்கம்' ஒன்று அந்நகரில் உருவாயிற்று. அதன் உறுப்பினரிற் பெரும்பாலோர் உழைக்கும் பெண்கள்; சந்தா பத்துச் சதம். மேலதிகாரிகளுக்கு நத்தார்ப் பரிசு வாங்குவதற்கென ஊழியரிடம் பணம் அறவிடும் வழக்கத்தையே அவர்கள் முதலில் எதிர்த்தனர். இரு வாரச் சம்பளம் வரை அதற்குக் கொடுக்க நேர்ந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் கோடீசுவரர் மோர்கனின் மகளென்பதும், முன்னாள் ஜனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ற் அதில் உறுப்பினரானார் என்பதும் அதன் குறைபாட்டையும் காட்டும். எனினும் கொடை என்பது அதிகாரத்தின் மறுபெயராகலாம் என்பதைக் கடைப்பெண்கள் உணர்ந்துகொண்டனர். 'இதயபூர்வமான பரிசு' என்ற சொல்லின் பின்னே யாருடைய பணப்பை திறக்கப்படுகின்றது என்று அவர்கள் கேட்டனர்.

எதனை மீட்பது?

நத்தார் என்ற எமது சொல் போத்துக்கேயர் விட்டுச்சென்றது. பிறப்பு என்பதே அதன் பொருள். அச்சொல்லோடு வந்த பண்டிகையில், இங்கே தேவாலயப் பாட்டும் பலகாரமும் அயல்வீட்டாருக்குக் கொடுத்தனுப்பும் தட்டும் கலந்துவிட்டன. அத்தட்டை எவரும் இகழார். வியாபாரம் பெருகியதால் பண்டிகை கெட்டது என்னும் முறைப்பாட்டையும் நாம் தள்ளிவிடவில்லை. அம்முறைப்பாடு பாதிவழியில் நின்றுவிடுகின்றது என்பதே எமது குறை. வாங்குவோரின் மனம் கெட்டதைப் பற்றி அது பேசுகின்றது. செய்வோரின் நிலையைப் பற்றிப் பேசுவதில்லை.

லவுஷாவின் வீடுகள் செய்த வேலையை இன்று சீனாவின் யீவு நகரத்துத் தொழிற்சாலைகள் பேரளவிற் செய்கின்றன; உலகின் நத்தார் அணிகளிற் பெரும்பங்கு அங்கிருந்தே செல்கின்றது. எமது நாட்டிலும் 1978இல் தொடங்கப்பட்ட கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்திலே, கிராமங்களை விட்டுவந்த இளம் பெண்கள் மேனாட்டுக் கடைகளுக்கான ஆடைகளைத் தைக்கின்றனர். இலண்டனிலோ நியூயோர்க்கிலோ நத்தார் மரத்தடியில் அவிழ்க்கப்படும் பொதியினுள்ளே அவர்கள் கைபட்ட துணியும் இருக்கக்கூடும். 'எளிமையாகக் கொண்டாடுங்கள்' என்று வாங்குவோருக்குச் சொல்லும் அறிவுரை அப்பெண்களின் கூலியை ஒரு சதமேனும் உயர்த்தாது. பொப் கிறச்சிற்றைப் போல ஸ்குறூஜின் மனமாற்றத்துக்காகக் காத்திருக்குமாறு அவர்களுக்குச் சொல்வதும் நீதியாகாது. கேட்பதற்குரிய உரிமையும், கேட்பதற்கு ஒன்றுகூடும் உரிமையுமே அவர்களுக்கு வேண்டியவை. செல்வனின் வாயிலில் நின்று பாடிய குடியானவன் அறிந்ததும், கரும்புத் தோட்டத்திலே வேலைக்குத் திரும்ப மறுத்த அடிமை அறிந்ததும் அதுவே.

எமது பாடசாலைகளிலே ஆண்டிறுதியில் ஒளிவிழா நடைபெறுகின்றது. ஆசிரியராயுள்ளோர் அதனை நன்கறிவர். தொழுவக் காட்சியை நடிக்கப் பிள்ளைகளைத் தெரியும்போது மூன்று அரசர் வேடத்துக்கே போட்டி மிகும்; பளபளக்கும் கடதாசி முடியும் கையிற் பரிசுப் பேழையும் அவ்வேடத்துக்கு உண்டு. ஒருவரும் கேளாத வேடம் இடையர் வேடம். பழைய சாக்கையோ போர்வையையோ போர்த்திக்கொண்டு பின்வரிசையிலே நிற்கும் பிள்ளைகளிடம், இடையர் என்போர் யாரென்று நாம் ஒருபொழுதும் சொல்லிக்கொடுத்ததில்லை. பிறருடைய மந்தைக்காக நித்திரை விழித்து, இரவு வேலையிலிருந்த உழைப்பாளிகள் அவர்கள். முதற் செய்தி அவர்களுக்கே வந்தது. இவ்வாண்டு ஒத்திகை தொடங்குமுன் அதனை அப்பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வோம்.